டூ-ஸ்ட்ரோக் டிராக் ஏடிவி: கார்புரேட்டரும் பெட்ரோல் வரத்தும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு மெக்கானிக் வேலைக்குப் போகும் தம்பிகள் ஏராளம். அவர்களில் சிலர் ஷார்ஜாவின் பதாயர், கத்தாரின் சீலைன் போன்ற மணல்மேடுகளை ஒட்டிய ஏடிவி (நான்கு சக்கர மணல் வண்டி) பட்டறைகளில் சேர்கிறார்கள். நானும் அப்படிப்பட்ட ஒரு பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். விடுமுறையில் வருகிறவர்களும், விசா வந்து புறப்படத் தயாராக இருப்பவர்களும், இங்கே பழைய ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே முதலாளியின் எஞ்சினைப் பிடிக்க வைத்தவன் (பிஸ்டன் சிலிண்டரில் இறுகி நிற்க விட்டவன்) என்ற பெயர் எந்தத் தம்பிக்கும் வரக்கூடாது. அதற்காகவே இவற்றை எழுதி வைக்கிறேன்.

அண்ணே, எல்லோரும் பான்ஷி பான்ஷி என்கிறார்களே, அது என்ன வண்டி?

யமஹா ஒய்எஃப்இசட் 350 என்ற நான்கு சக்கர மணல் வண்டி. 1987 முதல் 2006 வரை அமெரிக்கச் சந்தையில் விற்றது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், தண்ணீரால் குளிரும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு 26 மில்லிமீட்டர் மிக்குனி கார்புரேட்டர். இந்த எஞ்சின் யமஹாவின் ஆர்டி 350 எல்சி பைக்கிலிருந்து வந்தது. நம் ஊரில் 1983-இல் வந்த ராஜ்தூத் 350-ம் அதே ஆர்டி குடும்பம்தான், ஆனால் அது காற்றில் குளிர்வது.

உற்பத்தி நின்று இத்தனை ஆண்டுகள் ஆகியும் மணல் டிராக் பந்தயத்தில் இதை விடாமல் வைத்திருக்கிறார்கள். எடை குறைவு, உதிரி பாகங்கள் கிடைக்கின்றன, சிலிண்டரைப் பெரிதாக்க இடமிருக்கிறது. மணல் டிராக் என்பது மணலில் நேர்கோட்டில் விடும் வேகப் பந்தயம்; வழக்கமாக 300 அடி தூரம், அதாவது சுமார் 91 மீட்டர். நான்கைந்து வினாடி வேலை. அந்த நான்கைந்து வினாடியும் ஆக்சிலேட்டர் முழுதாகத் திறந்தே இருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கார்புரேட்டரில் இத்தனை ஜெட் இருக்கின்றனவே, எது எப்போது வேலை செய்கிறது?

ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பித்தளைத் துண்டு. மிக்குனி விஎம் வகையை வைத்துச் சொல்கிறேன். கணக்கு ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வைத்துத்தான். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை வைத்தல்ல. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஐட்லிங்கிலும் அதற்குச் சற்று மேலும் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்குரூவும். எட்டில் ஒரு பங்கு முதல் கால் வரை ஸ்லைடின் (ஆக்சிலேட்டரோடு மேலேறி வாயைத் திறக்கும் தடுப்பு) அடியில் வெட்டியிருக்கும் சரிவு. கால் முதல் முக்கால் வரை நீடிலும் (ஸ்லைடில் தொங்கும் ஊசி) நீடில் ஜெட்டும். முக்காலிலிருந்து முழுதும் திறக்கும் வரை மெயின் ஜெட். ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தில் இரண்டும் கலந்தே வேலை செய்யும், கோடு கிழித்தாற்போல் பிரியாது.

திசைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜெட் எண் கூடினால் பெட்ரோல் கூடும். நீடிலின் கிளிப்பை ஒரு படி கீழே இறக்கினால் நீடில் மேலே ஏறும், பெட்ரோல் கூடும். ஸ்லைடின் வெட்டு எண் கூடினால் பெட்ரோல் குறையும். ஏர் ஸ்குரூவை வெளியே திருகினால் காற்று கூடும், பெட்ரோல் குறையும். சில கார்புரேட்டரில் ஸ்குரூ எஞ்சின் பக்கம் இருக்கும். அது பெட்ரோல் ஸ்குரூ, வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். ஸ்குரூவில் கை வைக்கும் முன் அது ஸ்லைடுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

பெட்ரோல் அதிகமானால் பிளக் கரி பிடிக்கும், அவ்வளவுதானே? குறைவதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் எரிவதற்கு மட்டும் வரவில்லை. கிராங்க் அறை வழியாகப் போகும்போது பிஸ்டனையும் பேரிங்குகளையும் குளிர வைக்கிறது. ஆயிலையும் சுமந்து வருகிறது. எனவே பெட்ரோல் குறையும்போது மூன்று கேடு ஒன்றாக வருகிறது: எரிதல் சூடாகிறது, குளிர்ச்சி குறைகிறது, ஆயிலும் குறைகிறது. பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். அல்லது பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும்.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், பிடிப்பதற்குச் சற்று முன்புதான் வண்டி மிக நன்றாக இழுக்கும். அதை நம்பி இன்னும் ஒரு படி ஜெட்டைக் குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் அதிகமானால் ஒரு பிளக் போகும், ஒரு ஓட்டம் தோற்கும். குறைந்தால் பிஸ்டன், ரீபோர், சில சமயம் கிராங்கும் சேர்ந்து போகும்.

செட்டிங்கை எங்கிருந்து தொடங்குவது? முதலில் ஜெட் பெட்டி வாங்கவா?

வேண்டாம். ஜெட்டைக் கடைசியில் தொடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல நினைப்பது இது ஒன்றைத்தான். ஜெட்டின் மேல் விழும் பழியில் பெரும்பகுதி உண்மையில் குழாயுடையது, பெட்ரோல் டேப்புடையது, ஆயில் சீலுடையது.

முதல் வேலை காற்றுக் கசிவுச் சோதனை. கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் அடைத்து, எஞ்சினுக்குள் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, ஆறு நிமிடம் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. சோப்புத் தண்ணீரைத் தடவினால் நுரை காட்டிக்கொடுக்கும்: கார்புரேட்டர் ரப்பர், ரீட் வால்வு (கலவையை உள்ளே விடும் இதழ் வால்வு) கேஸ்கெட், சிலிண்டர் அடி, கிராங்கின் இரு பக்க சீல். கசிவோடு ஜெட் செட் செய்தால் அது இன்றைய கசிவுக்கான செட்டிங். நாளை கசிவு கூடும், எஞ்சின் போகும்.

இரண்டாவது பெட்ரோல் வரத்து. அடுத்த கேள்வி முழுதும் அதுதான். மூன்றாவது, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டின் (மிதவை) உயரம், கையேட்டில் உள்ள அளவுக்கு, இரண்டு கார்புரேட்டரிலும் ஒன்றுபோல. நான்காவது, இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில் எழும்புகின்றனவா என்று விரலை வைத்துப் பார்ப்பது. இவ்வளவும் சரியான பிறகுதான் ஜெட்: முதலில் மெயின், அடுத்து பைலட், கடைசியில் நீடில்.

பெட்ரோல் போதுமான அளவு வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அளந்து பார்க்க வேண்டும். டேங்கில் பாதி பெட்ரோல் வைத்து, கார்புரேட்டரில் மாட்டும் முனையில் குழாயைக் கழற்றி, அதே உயரத்தில் பிடித்து, ஒரு நிமிடம் அளவுப் பாட்டிலில் விடுங்கள். உயரத்தை மாற்றாதீர்கள், தரைவரை தொங்கவிட்டால் வரத்து கூடுதலாகத் தெரியும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், அருகில் பீடி சிகரெட் கூடாது.

எவ்வளவு வர வேண்டும்? டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் முழு வேகத்தில் ஒரு கிலோவாட் திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 450 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். கம்பெனியிலிருந்து வந்தபடி உள்ள பான்ஷி 35 குதிரைத்திறன் என்றால் சுமார் 26 கிலோவாட். கணக்குப் போட்டால் நிமிடத்துக்குக் கால் லிட்டரைச் சற்றே தாண்டும். சிலிண்டரும் சைலன்சர் பைப்பும் மாற்றி 80 குதிரைத்திறனுக்குக் கொண்டுவந்த வண்டிக்கு நிமிடத்துக்கு 600 மில்லி. பாட்டிலில் இதைப் போல இரு மடங்கு வந்தால் நான் நிம்மதியாக இருப்பேன். ஏனென்றால் ஃப்ளோட்டின் ஊசி வால்வு வழியாக நுழையும்போது வரத்து இன்னும் குறையும், பந்தயத்தில் டேங்கும் நிறைந்திருக்காது. குழாயில் சரியாக வந்தால், குழாயை மாட்டி, கார்புரேட்டர் கிண்ணத்தின் வடிகால் ஸ்குரூவைக் கழற்றி அதே சோதனையைச் செய்யுங்கள். அந்த அளவுதான் ஊசி வால்வையும் தாண்டி உள்ளே வருவது.

வரத்து குறைந்தால் வரிசையாகப் பாருங்கள். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருந்தால், முதல் சில வினாடிகள் நன்றாக ஓடி மெல்ல மெல்லக் குறையும். மூடியைத் திறந்ததும் மீண்டும் பாயும். டேப்புக்குள் இருக்கும் வலை, மலிவான காகித ஃபில்டர், சைலன்சர் அருகே வளைந்து நசுங்கிய குழாய், இரண்டு கார்புரேட்டருக்கும் பிரியும் இடத்தில் உள்ள குறுகிய ‘டி’ இணைப்பு, கடைசியாக ஊசி வால்வின் துளை. பெரிய எஞ்சினுக்குப் பெரிய துளையுள்ள டேப்போ, இரு வழி டேப்போ போட்டு, ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் தனிக் குழாய் கொடுப்பது வழக்கம். கண்மாயில் தண்ணீர் இல்லாமல் மடையை மட்டும் பெரிதாக வெட்டிப் பயனில்லை. வரத்து இல்லாமல் மெயின் ஜெட்டைக் கூட்டுவதும் அதே கதைதான்.

முதல் பாதி பாய்கிறது, கடைசிப் பாதியில் மூச்சுத் திணறுகிறது. மெயின் ஜெட் சின்னதா?

மெயின் ஜெட் சிறிதாக இருந்தால் முழுதாகத் திறந்த கணத்திலிருந்தே தெரியும். கடைசியில் மட்டும் திணறினால் கிண்ணம் வற்றுகிறது. 80 குதிரைத்திறன் எஞ்சினில் ஒவ்வொரு கார்புரேட்டரும் வினாடிக்கு 5 மில்லி குடிக்கிறது. புறப்படும்போது கிண்ணம் நிறைந்திருப்பதால் முதல் இரண்டு மூன்று வினாடி அந்தச் சேமிப்பிலேயே ஓடிவிடும். அதற்குப் பிறகு வருவதை வைத்துத்தான் ஓட வேண்டும். வருவது போதாவிட்டால் மட்டம் இறங்கும். மேலே சொன்ன பாட்டில் சோதனைக்குப் போங்கள்.

வரத்து சரியாக இருந்தும் திணறினால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். புறப்படும் வேகத்தில் முன்பக்கம் தூக்கும்போது கிண்ணத்துப் பெட்ரோல் பின்பக்கம் ஒதுங்கி ஜெட்டின் வாய் வெளியே தெரியலாம்; அதற்காக ஆழமான கிண்ணம் விற்கிறார்கள். அதிர்வில் பெட்ரோல் நுரைத்துப் போகலாம். கார்புரேட்டர் எங்காவது சட்டத்தில் உரசி நிற்கிறதா, ரப்பர் கெட்டிப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஏர் ஸ்குரூ எத்தனை சுற்று?

எண்ணைக் கேட்காதீர்கள், எஞ்சினைக் கேளுங்கள். நன்றாகச் சூடான பிறகு, ஐட்லிங்கில் மெல்லத் திருகி, சுற்று வேகம் மிக உயரும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடம் முழுதாக மூடிய நிலையிலிருந்து ஒன்று முதல் இரண்டு சுற்றுக்குள் இருந்தால் பைலட் ஜெட் சரி. முக்கால் சுற்றுக்கும் கீழே இருந்தால் பைலட் ஜெட் சிறிது. இரண்டரைக்கு மேல் போனால் பெரிது.

ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் சுற்று இறங்காமல் தொங்குகிறது என்றால் பைலட் பக்கம் பெட்ரோல் குறைவு, அல்லது காற்று கசிகிறது. ஸ்குரூவால் அதை மறைக்காமல் கசிவுச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

புறப்படும் கோட்டில் நின்று ஆக்சிலேட்டரைத் திருப்பியதும் ஒரு கணம் செத்துப் பிழைக்கிறது. கூடுதலா குறைவா?

இரண்டிலும் தயக்கம் வரும், ஆனால் சத்தம் வேறு. பெட்ரோல் குறைந்தால் சத்தமே அடங்கி, காலியான மூச்சு போல ஒன்று வந்து, பிறகு திடீரென்று பிடிக்கும். கூடினால் கடகடவென்று விட்டு விட்டு வெடித்து, புகை கக்கி, மெல்லத் தெளியும்.

காதில் நம்பிக்கை இல்லையென்றால் சோக்கைப் பாதி இழுத்து அதே தயக்கம் வருகிறதா என்று பாருங்கள். குறைந்தால் அந்த இடத்தில் பெட்ரோல் போதவில்லை. மோசமானால் கூடுதலாக இருக்கிறது. இது அரை ஆக்சிலேட்டருக்குக் கீழே மட்டும் செய்யும் சோதனை. முழு வேகத்தில் சோக்கை வைத்தோ டேப்பை மூடியோ சோதிக்காதீர்கள். அங்கே ஜெட்டை ஒரு படி கூட்டிப் பார்ப்பதுதான் பாதுகாப்பான கேள்வி.

மெயின் ஜெட்டை முடிவு செய்வது எப்படி? பிளக்கின் நிறத்தைப் பார்த்தால் போதுமா?

பெரியதிலிருந்து சிறியதற்கு வாருங்கள், ஒருபோதும் மறுதிசையில் போகாதீர்கள். பான்ஷி கம்பெனியிலிருந்து 200 எண் மெயின் ஜெட்டுடன் வருகிறது. பைப்பும் ஃபில்டரும் மாற்றினால் அது போதாது. வேண்டுமென்றே பெரிதாகத் தொடங்கினால் முழு ஆக்சிலேட்டரில் எஞ்சின் தெளியாமல் தடதடக்கும். ஒவ்வொரு படியாகக் குறைத்து, தடதடப்பு நின்று சுத்தமாக இழுக்கும் முதல் ஜெட்டில் நிறுத்துங்கள். இன்னும் ஒரு படி குறைத்தால் கூடுதல் திறன் வரலாம். அந்தத் திறனுக்கு எஞ்சினைப் பணயம் வைக்க வேண்டியிருக்கும், நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பிளக் பார்ப்பதற்கு முறை இருக்கிறது. புதிய பிளக், பான்ஷிக்கு என்ஜிகே பிஆர்8இஎஸ், போட்டு மேல் கியரில் பாரத்தோடு முழுதாக ஓட்டி, அந்த நிலையிலேயே கில் சுவிட்சை அணைத்து, கிளட்சைப் பிடித்து நிறுத்த வேண்டும். மெதுவாக ஓட்டித் திரும்பி வந்து பார்த்தால் நீங்கள் பார்ப்பது ஐட்லிங்கின் நிறம். பீங்கானின் நுனியைப் பார்த்தும் பயனில்லை. பிளக்கின் உலோக உறையை அறுத்து, பீங்கான் அடியில் பொருந்தும் இடத்தில் வளையமாகப் படிந்திருக்கும் பழுப்பைப் பார்க்க வேண்டும். வளையமே இல்லாமல் வெள்ளையாக இருந்தால் உடனே ஜெட்டைக் கூட்டுங்கள்.

பிளக்கைவிட நான் நம்புவது பிஸ்டன் தலையை. பிளக் துளை வழியாக விளக்கடித்தால், பெட்ரோல் உள்ளே பாயும் துளைகளின் ஓரத்தில் கரி படியாமல் கழுவியதுபோல் சிறு பகுதிகள் தெரிய வேண்டும். அவை மறைந்து தலை முழுதும் ஒரே நிறமாக வறண்டிருந்தால் பெட்ரோல் போதவில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரம் காற்றில் சுற்ற வைத்து மெயின் ஜெட் பார்க்கிறவர்களும் உண்டு. பாரம் இல்லாமல் அது ஒன்றையும் சொல்லாது.

இராமநாதபுரத்தில் செட் செய்த ஜெட் அங்கே போனதும் ஏன் ஒத்துவரவில்லை? இரண்டும் கடல் மட்டம்தானே?

உயரம் ஒன்றுதான், காற்று ஒன்றல்ல. 35 டிகிரி வெப்பமும் புழுக்கமும் உள்ள நம் கடற்கரை மதியத்தில், 20 டிகிரி வறண்ட காற்றைவிட ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 9 சதவீதம் குறைவாகத்தான் ஆக்சிஜன் இருக்கும். வெப்பம் காற்றை விரிக்கிறது. ஈரப்பதம் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. காற்று மெலிந்தால் கார்புரேட்டர் உறிஞ்சும் பெட்ரோலும் ஓரளவு தானாகவே குறையும். ஆகவே ஜெட்டில் திருத்த வேண்டியது அதில் பாதி, நாலைந்து சதவீதம்தான்.

ஆபத்து எங்கே என்றால், பாலைவனத்தில் மணல் பந்தயம் களைகட்டுவது குளிர்காலத்தில். பகல் வெயிலில் செட் செய்த வண்டியை இரவு பத்து டிகிரியில் ஓட்டினால், ஜெட்டைத் தொடாமலேயே பெட்ரோல் குறைந்த நிலைக்குப் போய்விட்டது என்று பொருள். இங்கேயும் கச்சான் (தென்மேற்கு) காற்றுக் காலத்தில் செட் செய்ததை வாடையில் அப்படியே விடக்கூடாது. மாலை குளிரத் தொடங்கினால் ஒரு படி கூட்டிவிட்டு ஓட்டுங்கள். எந்த வெப்பத்தில் எந்த ஜெட் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறவன் பட்டறையில் சீக்கிரமே மதிக்கப்படுவான்.

இங்கே இப்போது வரும் எத்தனால் பெட்ரோல் டூ-ஸ்ட்ரோக்கைக் கெடுக்குமா?

2025 முதல் நம் பங்க்குகளில் பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான். தூய பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும்; இதற்குச் சுமார் 13.5 பங்குதான். அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். எத்தனால் கலக்காத பெட்ரோலில் செட் செய்த ஜெட்டோடு ஓட்டினால் ஏழு எட்டு சதவீதம் குறைவாகப் போகிறது. முந்தைய கேள்வியில் சொன்ன வெப்பக் கணக்கு எதிர்த்திசையில் நாலைந்து சதவீதம் தருவதால், நம் ஊர் மதிய வெயிலில் இரண்டும் ஓரளவு சரிக்கட்டிக்கொள்ளும். விடிகாலையில் சரிக்கட்டாது.

எனக்கு இன்னும் கவலை தருவது தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும், டேப் அடியிலிருந்துதான் எடுக்கிறது. ஆயில் கலந்த பெட்ரோலை வாரக்கணக்கில் கேனில் வைக்காதீர்கள். பழைய ரப்பர் குழாய், ஊசி வால்வின் ரப்பர் நுனி, ஓ-ரிங் ஆகியவை ஊதிப்போகின்றனவா என்று அவ்வப்போது பாருங்கள்.

பாதுகாப்புக்கு ஆயிலைக் கூட்டி ஊற்றுகிறேன். நல்லதுதானே?

ஆயில் நல்லதுதான், ஆனால் அது பெட்ரோலின் இடத்தில் போகிறது. 32-க்கு 1 என்றால் லிட்டருக்கு 31 மில்லி; 20-க்கு 1 என்றால் 50 மில்லி. ஜெட் வழியாகப் போகும் திரவத்தில் பெட்ரோலின் பங்கு இரண்டு சதவீதம் அளவு குறைகிறது. ஆயிலைக் கூட்டினால் மெயின் ஜெட்டையும் மறுபடி பாருங்கள். முதலில் அளவை முடிவு செய்து, பிறகு ஜெட் பார்த்து, அதற்கப்புறம் அளவை மாற்றாமல் இருப்பதே சரி.

மிக்குனியைக் கழற்றிவிட்டுக் கெய்ஹின் கார்புரேட்டர் போட்டேன். அதே எண் ஜெட் போட்டும் பெட்ரோல் வழிகிறது!

அந்த எண்கள் வெவ்வேறு அளவுகோல். மிக்குனியின் அறுகோண மெயின் ஜெட்டில் எண் என்பது நிமிடத்துக்குப் பாயும் அளவை ஒட்டியது. கெய்ஹினில் துளையின் விட்டம். 160 என்றால் சுமார் 1.60 மில்லிமீட்டர். ஆகவே ஒன்றின் எண்ணை மற்றொன்றில் போட்டுப் பார்க்கவே கூடாது. போலி ஜெட்டுகளும் நிறைய வருகின்றன. எண் ஒன்று, துளை வேறு. ஒரே கடையில், ஒரே பெயரில் முழு வரிசையையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆர்எக்ஸ் 100-க்கு 28 மில்லிமீட்டர் கார்புரேட்டர் போட்டால் பறக்குமா?

98 சிசி எஞ்சினுக்குக் கம்பெனி கொடுத்தது 20 மில்லிமீட்டர். வாய் அகன்றால் உள்ளே காற்றின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் பெட்ரோலை உறிஞ்சும் இழுப்பு குறைகிறது. போர்ட்டும் ரீடும் சைலன்சரும் மாறாமல் கார்புரேட்டரை மட்டும் மாற்றினால் கீழ் வேகத்தில் தொங்கி, மேலே சொற்பம்தான் கிடைக்கும். மாற்றத்தான் வேண்டுமென்றால் 24-ஐத் தாண்டாதீர்கள். ஆயில் பம்ப்பைக் கழற்றினால் டேங்கில் ஆயில் கலப்பதை வீட்டில் வண்டி எடுக்கும் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் பந்தயம் விடுவதற்காகக் கேட்கிறவர்களுக்கு நான் வேலை செய்து தருவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு பொதுச்சாலைப் பந்தயத்தைக் குற்றமாக வைத்திருக்கிறது. அந்தச் சாலையில் விடியும் முன்பே மீன் கூடையோடு நடந்து போகிறவர்கள் நம் வீட்டுப் பெண்கள்.

தனுஷ்கோடி மணலில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா அண்ணே?

கூடாது தம்பி. தை மாதத்திலிருந்து சித்திரை வரை பங்குனி ஆமைகள் ஏறி முட்டையிடும் கரை அது. சக்கரம் ஏறினால் மணலுக்குள் இருப்பது நசுங்கும், மேலே ஒன்றும் தெரியாது. பக்கத்துத் தீவுகளையும் கடலையும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். ஏடிவியைச் சாலையில் ஓட்டிக்கொண்டு போகவும் வழியில்லை. சொந்தமாகவோ அனுமதியோடோ உள்ள தனியார் நிலத்தில் ஓட்டுங்கள். மெயின் ஜெட் பார்க்க நூறு மீட்டர் நீளம் போதும்.

மெத்தனால் ஊற்றினால் திறன் கூடும் என்கிறார்களே?

கூடும், குளிர்ச்சியும் கூடும். ஆனால் மெத்தனாலுக்கு எடையில் 6.4 பங்கு காற்றுதான் வேண்டும்; எனவே பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பாய வேண்டும். மேலே சொன்ன 600 மில்லி 1.3 லிட்டர் ஆகும். டேப், குழாய், ஊசி வால்வு, ஜெட் அனைத்தும் மாற வேண்டும். சாதாரண டூ-ஸ்ட்ரோக் ஆயில் அதில் கரையாது. ஓட்டம் முடிந்ததும் பெட்ரோல் விட்டுக் கழுவாவிட்டால் கார்புரேட்டர் அரித்துப்போகும். பகலில் அதன் தீச்சுடர் கண்ணுக்குத் தெரியாது.

அங்கே முறையான பட்டறையில், அனுபவமுள்ளவர் பக்கத்தில் இருந்தால் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் தொடாதீர்கள். உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். 2024-இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பட்டறை மூலையில் பெயர் எழுதாத கேனில் அது இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எங்கள் ஃபைபர் வள்ளத்தின் அவுட்போர்டு எஞ்சினுக்கும் இதே முறைதானா?

டூ-ஸ்ட்ரோக் என்றால் வரத்துச் சோதனையும் சுத்தமும் அதேதான். டேங்க் மூடியின் காற்றுத் திருகு, கையால் அமுக்கும் ரப்பர் பந்து, குழாய் இணைப்பின் ஓ-ரிங் மூன்றும்தான் பெரும்பாலான கோளாறுக்குக் காரணம். ஆனால் மெயின் ஜெட்டை மட்டும் கம்பெனி அளவுக்குக் கீழே இறக்காதீர்கள். டிராக் வண்டி நான்கு வினாடியில் மூச்சு வாங்கிவிடும். வள்ளம் மணிக்கணக்கில் முழு ஆக்சிலேட்டரில் போகிறது. பந்தய ஜெட்டோடு மணல்மேட்டில் நாள் முழுதும் சுற்றப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். அதற்குத் தனியாக ஒரு படி பெரிய ஜெட் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு பிளக்கில் ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளை. வெள்ளைப் பக்கம் மட்டும் ஜெட்டைக் கூட்டினால் தீருமா?

ஜெட்டைக் கூட்டினால் நிறம் மாறும், காரணம் மாறாது. இரண்டு கார்புரேட்டரிலும் ஜெட் ஒன்றாக இருந்து ஒரு பக்கம் மட்டும் வறண்டால், அந்தப் பக்கத்தில் ஏதோ ஒன்று வேறாக இருக்கிறது. முதலில் கார்புரேட்டர்களை இடம் மாற்றிப் போடுங்கள். வெள்ளை கார்புரேட்டரோடு சேர்ந்து மறுபக்கம் போனால் குற்றம் அதற்குள்: அடைப்பு, ஃப்ளோட் உயரம், ஊசி வால்வு, போலி ஜெட். வெள்ளை அதே பக்கத்தில் நின்றால் எஞ்சினில் தேடுங்கள்: கார்புரேட்டர் ரப்பர், சிலிண்டர் அடி கேஸ்கெட், அந்தப் பக்கத்துக் கிராங்க் சீல், நுனி உடைந்த ரீட் இதழ். கார்புரேட்டரும் எஞ்சினும் சுத்தமாக இருந்தால் ‘டி’ இணைப்பிலிருந்து அந்தப் பக்கம் போகும் குழாயைத் தனியாக அளந்து பாருங்கள்.

அடைப்பு என்று தெரிந்தால் ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளைத் துளை அகன்றுவிட்டால் அதன் எண் பொய்யாகிவிடும். நம் ஊரில் அதற்கு எளிய வழி உண்டு: வலை பின்னும் மெல்லிய தங்கூசி (நைலான்) நரம்பை நுழைத்து இழுத்து, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்றால் ஊதிவிடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.